மூச்சு எடுக்கிற இடம்

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாளே தவிர, எவ்வளவு நேரத்துக்கு என்று அந்த சிஸ்டர் சொன்னாளா இல்லையா என்பதிலேயே உச்சிமாகாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொட்டு விடுவோம், மூணு தடவை விடுவோம் என்றாள். அப்படியென்றால் அரை மணி. முதலில் விட்டதையும் சேர்த்தா, சேர்க்காமலா? சரி, கிடக்கட்டும். புரை முற்றிவிட்டதா என்று பார்க்கத்தானே இவ்வளவும், ஒரு கால் மணி முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. ஆனால் கனி மத்தியானத்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். மணி இப்போது பதினொன்றா, பன்னிரண்டா, யாரைக் கேட்பது? கனி என்றால் சண்முகக்கனி, தளவாயின் ஒரே மகள், தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த பிள்ளை. வியாழக்கிழமை தளவாய்க்கு வருஷம் திரும்புகிறது. வீட்டில் படம் வைத்து மாலை போட்டு, அவன் வாசித்ததை ஓடவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாரோ ஒருத்தர் போனில் பிடித்த பதினொரு நிமிஷம் அவளுக்கு எங்கிருந்தோ கிடைத்திருக்கிறது, போன வருஷம் சித்திரையில் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் பிடித்தது. ‘பெரியப்பா, இதுல நீங்களும் அப்பாவும் சேந்து வாசிக்கிய. அப்பா மட்டும் வாசிக்குத இடம் எதுன்னு சொல்லுங்க, அதை மட்டும் வெட்டி எடுத்துக்கிடுதேன்’ என்று இரண்டு நாளாகக் கேட்கிறாள். கேட்பது நியாயம்தான். இருபத்தாறு வருஷம் ஒரே செட்டில் பக்கத்தில் நின்று நாயனம் ஊதினவன், தன் சத்தம் எது அவன் சத்தம் எது என்று தெரியாமல் கண்ணாஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து முழிக்கிறான். முழிக்கவும் கூடாது என்று உத்தரவு.

தெரியவில்லை என்று சொன்னால் போயிற்று. அப்படிச் சொல்லிவிட முடியுமா? தெரிந்ததாகத்தானே அன்றைக்குக் கொம்பையாவிடம் பேசினான். கொம்பையாதான் செட்டுக்குத் தலைவர், தவில்காரர், தேதி பிடிப்பது ஆள் வைப்பது எல்லாம் அவர் பாடு. அவரிடம் இவன் சொன்னது இவனுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். பொம்பளைப் பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் பெரியப்பா என்று கூப்பிட்டு இப்படி ஒரு காரியத்தை ஒப்படைப்பாளா? தளவாய்க்குக் கடைசி இரண்டு வருஷம் நெஞ்சில் காற்று நிற்கவில்லை. மேளக்காரனுக்கு அது போனால் எல்லாம் போச்சு. முதல் தடவை எந்த ஊர்? கயத்தாறு பக்கம் ஏதோ அம்மன் கோயில், இல்லை, அது அதற்கு முந்தின வருஷம். ஏதோ ஒரு ஊர். வாசித்துக்கொண்டே இருக்கும்போது தளவாய் குழலை லேசாகத் தாழ்த்தினான், இருமல் வருகிறது என்று இவனுக்குத் தெரிந்துபோயிற்று, இவன் அழுத்திப் பிடித்துக்கொண்டான், ஒருத்தருக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் ‘அண்ணே, நீங்க பாத்துக்கிட்டிய’ என்றானா, இல்லை ‘இனிமே நீங்க பாத்துக்கோங்க’ என்றானா? இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. தளவாய் குழலை வாயில் வைத்து விரலை ஓட்டுவான், இவன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஊதுவான். பேச்சில்லாத ஏற்பாடு. கொம்பையாவுக்குத் தெரியாது, ஜனங்களுக்குத் தெரியாது, தளவாய் வீட்டுக்கே தெரியாது. அப்படித்தான் இவன் இரண்டு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கணக்குப்படி இந்தப் பதினொரு நிமிஷத்தில் தளவாய் ஊதின இடம் என்று ஒன்றுமே இருக்கக் கூடாது. எல்லாமே உச்சிமாகாளி. அதை அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

சொல்லித் தொலைத்திருப்பான், நாலாவது நிமிஷம் மட்டும் இல்லாமல் இருந்தால். காதில் சொருகியிருக்கிற வயரைத் தடவிப் பார்த்துக்கொண்டான். போனில் அதை ஓடவிட்டுத் தரச்சொல்லி சிஸ்டரிடம் கேட்டபோது ‘என்ன தாத்தா, ஆஸ்பத்திரியில கச்சேரியா’ என்று சிரித்துவிட்டு, முடிந்ததும் திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி செய்து கொடுத்திருக்கிறாள், புண்ணியவதி. முதலில் பம்பை, பின்னால் கொம்பையாவின் தவில், ஜனங்களின் சத்தம், யாரோ ஒரு பொம்பளை ‘ஏ, தள்ளி நில்லு’ என்கிறாள், அப்புறம் நாயனம். நாலாவது நிமிஷத்தில் மேல் ஸ்வரத்துக்கு ஏறிப் போய் நிற்கிற இடத்திலிருந்து கீழே இறங்கும்போது ஒரு இழுப்பு. நேராக இறங்காமல், இறங்க மனசில்லாமல் கொஞ்சம் தயங்கி, ஒதுங்கி, அப்புறம் வந்து சேர்கிறது. இவன் அப்படி இறங்குகிறவன் இல்லை. இவன் இறங்கினால் படியில் இறங்குகிற மாதிரி தட் தட் என்றுதான் இறங்குவான், கொம்பையாவே அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருக்கிறார். கனியும் அதைத்தான் கேட்டாள், ‘நாலாவது நிமிசத்துல ஒண்ணு வருதே, அது அப்பாதானே?’ ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வந்தது ஏன் நின்றது? ஆமாம் என்றால் அவன் ஊதியிருக்கிறான். ஊதியிருக்கிறான் என்றால் இவன் கொம்பையாவிடம் சொன்னது பொய். அல்லது நானே அன்றைக்கு அப்படி இறங்கினேனோ என்னவோ. இருபத்தாறு வருஷம் பக்கத்தில் நின்றால் ஒருத்தன் கை இன்னொருத்தனுக்கு ஒட்டாதா? சீவாளியும் இரண்டு பேருக்கும் அவன்தானே சீவுவான். நாயனத்தின் வாயில் வைக்கிற அந்த நாணல் தட்டைத் துண்டை உச்சிமாகாளிக்குச் சீவ வராது, ஓரம் கிழிந்துவிடும். ஒரே கட்டுத் தட்டை, ஒரே கத்தி, ஒரே கை. இதில் எது யாருடைய குரல் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்.

‘என்ன அண்ணாச்சி, பாட்டா கேக்கிய?’ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் கேட்கிறார். அவருக்கும் கண் மூடித்தான் இருக்கும், வாய் மட்டும் மூடவில்லை. வாழைக்காய் வியாபாரம் என்று முன்னமே சொல்லிவிட்டார், மருமகள் கூட வந்திருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டார். ‘மேளம்’ என்றான். ‘மேளமா, நல்லது நல்லது’ என்றார். என்ன நல்லதோ. கண் எரிகிறது. மூடின இமைக்குள் சிவப்பாக ஏதோ ஓடுகிறது, வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தால் தெரியுமே அந்த மாதிரி. அன்றைக்கும் வெயில்தான். மதியக் கொடை, பந்தலுக்கு வெளியே மண் கொதிக்கிறது, சாமியாடி மஞ்சள் தண்ணீரில் நனைந்து நிற்கிறார், அருள் வரவில்லை. அரை மணியாக வரவில்லை. ஊர்க்காரர்கள் சாமியாடியைப் பார்க்காமல் மேளக்காரர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சாமி வராவிட்டால் குற்றம் எப்போதும் மேளத்துக்குத்தான். கொம்பையா கண்ணைக் காட்டினார், இவன் மேலே ஏறினான். எவ்வளவு நேரம் நின்றோம் மேலே? நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அப்புறம் சாமியாடி உதறினார், குலவை கிளம்பியது. அந்த உதறல் இழுப்புக்கு முன்னாலா பின்னாலா? போனில் கேட்டால் குலவை, இழுப்பு முடிந்து ஒரு மூச்சு கழித்து வருகிறது. அப்படியானால் சாமியை வரவழைத்தது அந்த இழுப்பு. அந்த நேரம் தளவாயைப் பார்த்தேனா? பார்த்தேன். கன்னம் உப்பியிருந்ததா? உப்பவில்லை. உப்பவில்லை என்றுதான் ஞாபகம். ஆனால் அது அந்த இடத்திலா, அதற்குப் பிறகு அவன் குழலைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டானே, அப்போது பார்த்ததா? ஊதும்போது யார் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள்? சாமியாடியின் காலைப் பார்ப்போம். அவர் கால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வலது பெருவிரலில் நகம் இல்லை. தளவாயின் கன்னம் ஞாபகம் இல்லை. இது என்ன கொடுமை.

கொடை முடிந்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொன்னது மட்டும் டம்ளர் சூடு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. தளவாய் பஸ்ஸில் இடம் போட்டு உட்கார்ந்துவிட்டான், ஜன்னலோரம், துண்டால் வாயை மூடிக்கொண்டு. கொம்பையா ‘இன்னைக்கு ரெண்டு பேரும் அசத்திட்டிய’ என்றார். அந்த ‘ரெண்டு பேரும்’ எங்கேயோ சுருக்கென்று குத்தியது. ‘ரெண்டு பேரு எங்க ஊதுனோம், நான்லா ஊதுதேன் ரெண்டு வருசமா. அவன் சும்மா விரலை ஓட்டுதான்.’ அவ்வளவுதான் சொன்னது. கோபத்திலா சொன்னேன்? இல்லை, அவன் உடம்பு இன்னும் கெட்டுவிடுமே என்றுதான் சொன்னேன். அவனுக்கு ஓய்வு வேண்டும், செட்டில் இருக்கிற வரை எடுக்க மாட்டான், அதனால்தான். இப்படித்தான் ஒரு வருஷமாக மனசுக்குள் சொல்லி வைத்திருக்கிறான், கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவன் ‘சும்மா’ என்று சொல்வானா? நெஞ்சு வலித்தது, பாராட்டைப் பங்கு போட வேண்டியிருந்தது, எரிச்சல் வந்தது, சொல்லிவிட்டான். இல்லை, கவலையும் இருந்தது. இரண்டும் இருந்தது. எது எவ்வளவு என்று யாராவது எடை போட்டுச் சொன்னால் தேவலை. கொம்பையா டீயைக் குடித்து முடித்துவிட்டு ‘சரி’ என்றார். வைகாசியில் அடுத்த தேதிக்குப் போனால் பக்கத்தில் கழுகுமலைக்காரர் ஒருத்தர் குழலோடு நிற்கிறார். ஆவணியில் தளவாய் செத்துப்போனான். நடுவில் மூணு மாசம் வீட்டில் சும்மா இருந்தான். மூச்சு வாங்கினது நிஜம், டாக்டரும் நுரையீரலைத்தான் சொன்னார், மேளத்திலிருந்து நிறுத்தினதால் ஒருத்தன் சாவானா? சாக மாட்டான். சாக மாட்டான் என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று.

போய்ப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாலு தடவை போனான். அஞ்சா? தளவாய் ஒரு தடவை கூட ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது, அதுதான் வேடிக்கை, போகும்போதெல்லாம் பஸ்ஸில் அந்தப் பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டே போவான். தளவாயோ ‘வாங்கண்ணே, டீ போடச் சொல்லுதேன்’ என்பான். மருந்தை உறிஞ்சுகிற அந்த டப்பாவை வாயில் வைத்து இழுத்துவிட்டு ‘சீவாளி இருக்கா உங்ககிட்ட’ என்று கேட்பான். கடைசித் தடவை ஒரு கட்டே சீவி நூல் சுற்றி வைத்திருந்தான், இருபதுக்கு மேல் இருக்கும். அதை வைத்துத்தான் இன்று வரைக்கும் வண்டி ஓடுகிறது. அவனுக்குத் தெரியுமா? தெரிந்து கொடுத்தானா, தெரியாமல் கொடுத்தானா? தெரிந்து கொடுத்திருந்தால் அதை இத்தனை நாள் வாயில் வைத்து ஊதின என்னை என்னவென்று சொல்வது?

குளிர்ச்சியாக ஒரு விரல் நெற்றியில் பட்டது. ‘மேல பாருங்க தாத்தா.’ இரண்டாவது சொட்டா, மூணாவதா? ‘ரெண்டாவது’ என்றாள். எரிச்சல் மூக்கு வரைக்கும் இறங்கியது. ‘மணி என்னம்மா?’ ‘பதினொண்ணே முக்கால்.’ காதில் பம்பை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்தத் தடவை நாலாவது நிமிஷத்துக்குக் காத்திருப்போம், அது அவனென்றால் அவனென்று சொல்லிவிடுவோம், ஒரே ஒரு இடம்தானே, ஏதோ ஒரு வேகத்தில் ஒரு தடவை ஊதியிருப்பான், அதனால் நான் சொன்னது ஒன்றும் பெரிய பொய்யாகிவிடாது. அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ‘என்ன அண்ணாச்சி, மூச்சு வாங்குது உங்களுக்கு? சிஸ்டரைக் கூப்பிடவா?’ என்றார் வாழைக்காய்க்காரர். ‘எனக்கா?’ என்றான். ‘ஆமா, புஸ்சு புஸ்சுன்னு இழுக்கியளே, நானும் அப்பதையிலிருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.’ அப்போதுதான் கவனித்தான். நெஞ்சு தன்பாட்டில் வாசித்துக்கொண்டிருந்தது. நாயனக்காரன் உடம்பு அப்படித்தான், சத்தம் கேட்டால் சும்மா இருக்காது. தான் ஊதினதைக் கேட்டால் ஊதின மாதிரியே அடிவயிறு இறுகி, தீர்கிற இடத்தில் சட்டென்று வாயால் காற்றை இழுத்துக்கொள்ளும். கொம்பையாவின் தவில் இரண்டு சுற்று வந்தால் இவனுக்குக் காற்று தீர்ந்துவிடும், வாலிபத்தில் மூணு சுற்று, இப்போது இரண்டுதான். இரண்டு சுற்று, ஒரு மூச்சு. இரண்டு சுற்று, ஒரு மூச்சு. அந்த இழுக்கிற நேரத்தில் ஊத முடியாது, யாராலும் முடியாது, சிலர் மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்துக் காற்றில் ஒப்பேற்றுவார்கள், அது இவனுக்குக் கடைசி வரை கைவரவில்லை, வரும் என்று சொல்லிக்கொண்டதோடு சரி. இவன் நெஞ்சு இப்போது இழுக்கிறது. காதில் நாயனம் நிற்கவில்லை.

மறுபடியும் இரண்டு சுற்று. இழுத்தான். நிற்கவில்லை. இது தற்செயல், போன் மைக்கில் எதிரொலி விழுந்திருக்கும், பந்தலில் தகரம் போட்டிருந்தார்கள். இன்னொரு சுற்று, இன்னொன்று. இழுத்தான், இழுத்தான், ஒரு இடத்தில் கூட ஓட்டை இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்தால் விட்டு விட்டு விழுகிற அதே வாசிப்பு, இங்கே பதினொரு நிமிஷமும் ஒரே கயிறாக ஓடுகிறது. ஜோடி நாயனத்துக்கே அதுதானே சூத்திரம், ஒருத்தன் மூச்சு எடுக்கும்போது இன்னொருத்தன் பிடிப்பான், இவன் வந்ததும் அவன் எடுப்பான், கேட்கிறவனுக்கு இரண்டு ஆள் என்றே தெரியக் கூடாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது நான் மூச்சு எடுக்கிற நேரம் சத்தத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேனா? மாடிப்படி இறங்குகிறவன் அடுத்த படி இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் தடவிப் பார்க்கிறானா? அவன் ஊதவில்லை என்று நினைத்த இரண்டு வருஷமும் அந்தப் படியில் காலை வைத்துத்தான் இறங்கியிருக்கிறேன். அழுத்தி ஊத ஊத என் மண்டைக்குள் என் சத்தம்தான் நிறைந்தது. அவனுக்கும் சேர்த்து ஊதுகிறோம் என்று வீம்பாக ஊதி ஊதி அவனை நானே கேட்காமல் பண்ணிவிட்டேன். அவனிடம் இருந்ததோ கொஞ்சம் காற்று. அதை முழுக்க வாசித்துக் கரைக்காமல், விரலை மட்டும் ஓட்டிக்கொண்டு, நான் தீர்ந்து போகிற இடத்துக்காக மட்டும் வைத்திருந்திருக்கிறான். ஒரு நொடி, ரெண்டு நொடி. அன்றைக்கு மேலே போய் நான் தீர்ந்து போனேனே, அப்போது கொஞ்சம் கூடுதல். அதுதான் அந்த நாலாவது நிமிஷத்து இழுப்பு. பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், பட்டப்பகல், ஆனாலும் உச்சிமாகாளிக்கு அந்தப் பயம் போகவில்லை.

காதில் மேளம் நின்று போன் அடித்தது. கனியாகத்தான் இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினால் எடுக்கும் என்று கண் மூடிக்கொண்டு தெரியவில்லை, இரண்டு தடவை தடவினான், வாழைக்காய்க்காரரின் மருமகள்தான் ‘குடுங்க’ என்று வாங்கித் தள்ளிக் கொடுத்தாள்.

‘பெரியப்பா, எடிட்டிங் பண்றவரு கேட்டுக்கிட்டே இருக்காரு. கண்டுபிடிச்சிட்டியளா?’

‘கண்டுபிடிச்சிட்டேன் தாயி. ஆனா அதை வெட்ட முடியாது. நான் மூச்சு எடுக்குத இடமெல்லாம் உங்கப்பன்தான். அறுபது எழுபது இடம் இருக்கும். ஒவ்வொண்ணும் கண்ணு சிமிட்டுத நேரம்தான். வெட்டி எடுத்தா ஒண்ணுமே தேறாது.’

இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது, வேறு எது தெரிகிறதோ இல்லையோ.

‘கனி, இன்னொண்ணு. அவன் ஊதலைன்னு கொம்பையாகிட்ட சொன்னது நான்தான். என்னாலதான் அவனை நிப்பாட்டுனாவ.’

‘தெரியும் பெரியப்பா.’

‘தெரியுமா?’

‘கொம்பையா மாமா அந்த வாரமே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாவ. அம்மைக்குத்தான் ஆத்திரம், உங்ககிட்ட நேர்ல வந்து கேக்கணும்னு கிளம்பிட்டா. அப்பாதான் விடலை. “அண்ணனுக்குக் கேட்டிருக்காது. கேக்காம இருக்கணும்னுதானே ஊதுனேன்”னு சொல்லிச் சிரிச்சாவ. சிரிச்சு இருமல் வந்துட்டு.’

நாலு தடவையோ அஞ்சு தடவையோ அந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தது ஒவ்வொன்றாக வந்தது, தளவாய் பொண்டாட்டி செல்லத்தாய் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாளே, அது இதற்குத்தானா? வாழைக்காய்க்காரர் ‘என்ன அண்ணாச்சி, வீட்டுல யாருக்கும் முடியலையா’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவன் கண்ணைத் திறந்துவிட்டான் போலிருக்கிறது, வெள்ளையாக ஏதோ தெரிந்தது, சுவரா ஆளா என்று பிடிபடவில்லை.

‘பெரியப்பா, இருக்கியளா? அப்ப இந்த ரெக்கார்டு வேண்டாம். நீங்க வியாழக்கிழமை நாயனத்தைக் கொண்டாங்க. அப்பா படத்துக்கு முன்னால நீங்களே வாசிங்க.’

‘கழுகுமலைக்காரரையும் வரச் சொல்லுதேன், ஜோடி வேணும்லா.’

‘அவுக வேண்டாம். நீங்க மட்டும்.’

‘தனியா ஊதுனா விட்டு விட்டுல்லா கேக்கும் தாயி.’

‘விட்டு விட்டே கேக்கட்டும் பெரியப்பா’ என்றாள் கனி.